கிரேக்ரிக் கை மாறிய விதம்

வண்டிக் கொட்டகைக்கு மேலே இருக்கும் என் அறைக்கு என் தம்பி நெவில் அதற்கு முன்பு எப்போது ஏறி வந்தான் என்று எனக்கு நினைவில்லை. அன்று வந்தான். கையில் கடையில் வாங்கிய பழக் கேக். விலைச் சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை.

"அக்கா, ஒரு டீ போடறியா?" என்றான்.

அக்காவாம். காரியம் ஆக வேண்டும் என்றால் அக்கா, மற்ற நாளில் "ஏய், மேல் பட்டிக் கதவு திறந்து கிடக்குது பாரு." எனக்கு அறுபத்து மூன்று, அவனுக்கு அறுபது. இத்தனை வருடத்தில் அவன் எனக்கென்று ஒரு ரொட்டித் துண்டு வாங்கி வந்ததில்லை. கேக்கைப் பார்த்ததுமே விஷயம் பெரிசு என்று தெரிந்துவிட்டது.

எங்கள் அப்பா ஐசக் நான்சன் இறந்து ஒன்பது வாரம் ஆகியிருந்தது. எண்பத்தெட்டு வயது. காலையில் ஓட்ஸ் கஞ்சியை வழித்துக் குடித்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். நல்ல சாவு என்று பள்ளத்தாக்கே சொன்னது. நல்ல சாவுதான், நேரம்தான் சரியில்லை. அப்பன் நிலம் பிள்ளைக்குப் போகும்போது வரி இல்லை என்று முப்பது வருடத்துக்கு மேலாக இருந்த சலுகையை அரசாங்கம் அந்த ஏப்ரலில் குறைத்தது. ஒரு அளவுக்கு மேல் போனால் ஐந்தில் ஒரு பங்கு வரி. ஏப்ரலில் சட்டம் வந்தது, ஜூனில் அப்பா போனார்.

எங்கள் பக்கத்தில் ஆடு மேய்த்து எவனும் பணக்காரனாகவில்லை. ஆனால் மரம் நட நிலம் தேடும் கம்பெனிக்காரர்களும், லீவுக்கு வந்து தங்க வீடு தேடும் லண்டன்காரர்களும் சேர்ந்து விலையை எங்கேயோ ஏற்றிவிட்டார்கள். காகிதத்தில் பார்த்தால் கிரேக்ரிக் பண்ணை ராஜாங்கம். கையில் பார்த்தால் தீவனக் கடைக்குப் பாக்கி. இதை லண்டனில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சொல்லத்தான் நெவில் டிராக்டரை ஓட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போனான். போராட்டத்தில் பலகையெல்லாம் பிடித்தான். டிவியில் அவன் தொப்பி மட்டும் தெரிந்தது.

"வரி ஆபீஸ்லேருந்து ஒருத்தர் வர்றாரு. உன்கிட்டயும் பேசுவாராம்," என்றான்.

"என்கிட்ட என்ன பேச்சு? எனக்கு நிலமா, நீச்சா?"

அதைக் காதில் வாங்காத மாதிரி டீயை ஊதினான். "அப்பா பண்ணையை என் பேருக்கு எழுதி வச்சு ஒன்பது வருஷம் ஆச்சு. எழுதிக் கொடுத்தவர் ஏழு வருஷம் உசுரோட இருந்துட்டா அப்புறம் வரியே கிடையாது."

"அப்புறம் என்ன, ஜாலியா இரு."

"ஒரு சிக்கல். கொடுத்தவர் கொடுத்ததுக்கு அப்புறம் அதை அனுபவிச்சிருக்கக் கூடாதாம். அந்த வீட்லயே வாடகை கொடுக்காம இருந்தா, வரிக் கணக்குல கொடுத்ததே செல்லாதாம்."

"இருந்தாரே. முன் ரூம்ல, பெரிய கட்டில்ல."

"அதான் அக்கா." கேக்கை என் பக்கம் நகர்த்தினான். "அப்பா உன்கூட இங்கதான் இருந்தாருன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. யார் பார்த்தா?"

நான் என் அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல். ஏறி வருவதற்குப் பதினாறு படி, ஏணி மாதிரி செங்குத்தாக. மூட்டு தேய்ந்துபோன மனுஷர் ஒன்பது வருடம் இதில் ஏறி இறங்கினாராம்.

"கேக்கை வச்சிட்டுப் போ," என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டான். ஆயுசு முழுக்க இந்த வீட்டில் எல்லோரும் என் மௌனத்தைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள்.

என் முப்பத்திரண்டாவது வயதில் பிரையன் என்று ஒருவர் என்னைக் கேட்டார். காட்டு இலாகாவில் வேலை, நல்ல மனுஷர், ஸ்காட்லாந்தில் வீடு. அந்த வருடக் கண்காட்சியில், ஆட்டுப் பட்டிகளுக்கு நடுவில், பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நாலு பேர் காது கேட்க அப்பா சொன்னார்: "தெல்மா போயிட்டா இந்த மந்தையை யாரு பார்ப்பா? இரும்மா. கிரேக்ரிக்ல சரிபாதி உனக்கு. நான் சொன்னா சொன்னதுதான்." இருந்தேன். பிரையன் ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டார். நான் முப்பத்தொரு வருடம் பனியில் ஆட்டுக்குட்டிகளை இழுத்து வெளியே எடுத்தேன், மலை முழுக்க மந்தையை ஓட்டினேன், மயிர் கத்தரித்தேன். வாரத்துக்கு நாற்பது பவுண்டு, கிறிஸ்துமஸுக்கு அரை ஆடு.

எனக்கு ஐம்பத்து நாலு வயதாகும்போது அப்பா பண்ணை முழுவதையும் நெவில் பேருக்கு எழுதினார். அதை எனக்குச் சொன்னவர் கால்நடை டாக்டர். "இனிமே பில்லு நெவில் பேருக்குத்தானே?" என்று சாதாரணமாகக் கேட்டார். நான் நேரே சமையலறைக்குப் போய் நின்றேன். அப்பா பேப்பரை விட்டு முகத்தை எடுக்கவில்லை. நெவில்தான் பதில் சொன்னான்.

"உனக்கு எதுக்கு நிலம்? புருஷனா, புள்ளையா?"

அந்தப் பதில் ஒன்பது வருடமாக என் வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது. மறக்க முயன்றேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாளும் முயலவில்லை.

வரி அதிகாரி ஆகஸ்டில் வந்தார். ஆன்ஸ்டி என்று பெயர். மரியாதையான மனுஷர், வாசலிலேயே ஷூவைத் துடைத்துவிட்டு வந்தார். அவர் வருவதற்கு முதல் நாள் நெவில் ஒரு நாடகமே போட்டிருந்தான். முன் அறையிலிருந்து அப்பாவின் கட்டிலைக் கழற்றி வைக்கோல் கொட்டகையில் போட்டான். அறையில் தீவன மூட்டை அடுக்கினான். அப்பாவின் செருப்பை என் கட்டிலுக்கு அடியிலும், தொப்பியை என் ஆணியிலும் அவனே கொண்டுவந்து வைத்தான். செருப்பு ஜோடி மாறியிருந்தது.

கீழே நெவிலிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, ஆன்ஸ்டி என் படியில் மூச்சு வாங்க ஏறினார். உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டார். நெவில் படியின் கீழேயே நின்றான். நான் கதவைச் சாத்தவில்லை. அவன் கேட்கட்டும் என்றுதான்.

"உங்க அப்பா எங்க படுப்பாரு, மிஸ் நான்சன்?"

நான் அவசரப்படவில்லை. ஒன்பது வருடம் காத்திருந்தவளுக்கு இன்னும் ஒரு நிமிடம் என்ன.

"கீழ வீட்ல, முன் ரூம்ல. அவங்க அப்பா செத்த அதே கட்டில்ல. கட்டில் இப்போ வைக்கோல் கொட்டகைல இருக்கு, போய்ப் பாருங்க. ஒரு கால் ஆடும்."

படியில் ஏதோ இடறும் சத்தம் கேட்டது.

"வாடகை ஏதாவது?"

"வாடகையா? அவரு வீட்ல அவரு இருக்கிறதுக்கு யாருக்குங்க வாடகை?"

ஆன்ஸ்டி எழுதிக்கொண்டார். "பண்ணையை நடத்தினது நெவில்தானே? அவர் அப்படித்தான் சொன்னார்."

"நெவில் எப்படிச் சொன்னாலும் சரி. கிடா ஏலத்துக்கு வந்திருக்கீங்களா?"

இல்லை என்றார். சொன்னேன். எங்கள் பக்கம் கிடா விற்றால், விற்றவன் வாங்கியவன் கையில் ஒரு நோட்டைத் திருப்பித் தர வேண்டும். ராசிப் பணம் என்போம். அந்தக் கிடா போகிற இடத்தில் நன்றாக இருக்கட்டும் என்பதற்காக. அதைச் சொந்தக்காரன் கைதான் கொடுக்க வேண்டும். வேலைக்காரன் கொடுத்தால் வாங்கியவன் முகம் சுளிப்பான்.

"அப்பா எழுதிக் கொடுத்தப்புறம் ஒன்பது ஏலம் ஆச்சு. ஒன்பதுலயும் நெவில் கயிறைப் புடிச்சுக்கிட்டு நின்னான். நோட்டை நீட்டினது அப்பா. எங்க ஊர்ப் பேப்பர்ல வருஷா வருஷம் போட்டோ வந்திருக்கு. சொந்தக்காரர் ஐசக் நான்சன்னு கீழ போட்டிருக்கும்."

ஆன்ஸ்டி பேனாவை மூடினார். அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எனக்கும்தான். அப்படி ஒரு சுகத்தை நான் என் வாழ்நாளில் அனுபவித்ததில்லை. குளிரில் வேலை செய்துவிட்டு வந்து வெந்நீரில் கால் வைத்த மாதிரி இருந்தது.

அப்பாவை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது. முன்னூறு ஏக்கரை ஒரே கையெழுத்தில் கொடுத்தவர், அந்த இருபது பவுண்டு நோட்டை நீட்டுகிற பெருமையை மட்டும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். எங்கள் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான். கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் காலையிலும் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்து யார் எந்தப் பட்டிக்குப் போக வேண்டும் என்று உத்தரவு போடுவார்கள். சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரியுமா தெரியாதா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர்கள் கெட்டிக்காரர்கள்.

ஆன்ஸ்டியின் கார் போனதும் நெவில் மேலே வந்தான். முகம் வெளுத்துப் போயிருந்தது.

"நீ என்ன பண்ணியிருக்கேன்னு உனக்குப் புரியுதா?"

"கேட்டாங்க, உண்மையைச் சொன்னேன்."

"பண்ணை போயிடும்டி."

"உன் பண்ணைதானே. எனக்கு எதுக்கு நிலம்? புருஷனா, புள்ளையா?"

அவனுக்கு அந்த வார்த்தை நினைவிருந்தது. கண்ணில் தெரிந்தது. படியில் இறங்கிப் போனான்.

நவம்பரில் வரிக் கடிதம் வந்தது. ஒரு லட்சத்து எண்பதாயிரம் பவுண்டு. பத்து வருடத் தவணையில் கட்டலாம், வட்டி இல்லை. நல்ல வருடத்தில் எங்கள் பண்ணையில் செலவு போக நிற்பது இருபதாயிரம். ஆக, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பத்து வருடம் ஓட்டிவிடலாம் என்று நெவில் கணக்குப் போட்டான். தப்பித்துவிடுவான் போலிருந்தது. அது எனக்குப் போதவில்லை.

இங்கே ரோவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெவிலுக்கு இரண்டு பிள்ளைகள். அவன் மனைவி தீவனம் விற்க வந்த ஆளோடு கார்லைலுக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. அவளைக் குறை சொல்ல மாட்டேன். மூத்தவன் கேலம் லீட்ஸில் வீட்டுத் தரகர். ஆட்டுக்கு முன்பக்கம் எது என்று அவனுக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். இளையவள் ரோவன், இருபத்தாறு வயது. மலையில் மூடுபனி இறங்கும் போதும் எந்த ஆடு எந்தப் பாறைக்குப் பின்னால் இருக்கும் என்று சொல்லுவாள். வாரத்துக்கு நூறு பவுண்டு. நெவில் உயிலை யார் பேருக்கு எழுதியிருந்தான் தெரியுமா? கேலம் பேருக்கு.

"அவன் ஆம்பளைப் புள்ள. ரோவன் நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போயிடுவா," என்று கசாப்புக்காரரிடம் அவன் சொன்னதை நானே கேட்டேன்.

அந்த வாரமே டவுனுக்குப் போய் வக்கீல் ஹாட்ஜ்சன் அம்மாவைப் பார்த்தேன். முப்பத்தொரு வருடக் கதையையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "பாதி உனக்குன்னு அவர் சொன்னதைக் கேட்டவங்க யாராவது உசுரோட இருக்காங்களா?"

"நாலு பேர்ல மூணு பேர் இருக்காங்க. மூணு பேருக்கும் நெவிலைப் பிடிக்காது."

"அப்போ கேஸ் இருக்கு. ஒருத்தர் வாக்கை நம்பி வாழ்க்கையையே போட்டவங்களுக்கு கோர்ட் பங்கு கொடுத்திருக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன், தெல்மா. வரியும் கட்டி, கேஸும் நடத்தினா அந்தப் பண்ணை தாங்காது. ஏலத்துக்குப் போகும். மரக் கம்பெனி வாங்கும்."

"அது அவனுக்கும் தெரியணும். நோட்டீஸ் அனுப்புங்க," என்றேன்.

நோட்டீஸ் கிடைத்த அன்றே நெவில் வந்தான். இந்த முறை கேக் இல்லை. உட்காரவும் இல்லை.

"எவ்வளவு வேணும், சொல்லு."

"காசு வேண்டாம்."

"நிலமா?"

"எனக்கு வேண்டாம். பண்ணை முழுசையும் ரோவன் பேருக்கு எழுதிக் கொடு, கேஸை விட்டுடறேன். செத்தப்புறம் இல்ல. இப்போ."

அவன் என்னை வெறித்துப் பார்த்தான். பிறகு சிரித்தான். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

"எழுதிக் கொடுத்துட்டு?"

"வெளியே போ."

வக்கீல் ஆபீஸில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தோம். ஹாட்ஜ்சன் அம்மா நிதானமாக விளக்கினார். வரி மொத்தத்தையும் முதலில் நெவிலே தீர்க்க வேண்டும், கீழ்ப் புல்வெளி பதினெட்டு ஏக்கரை விற்று. மீதி எல்லாம் ரோவனுக்கு. நெவில் அன்றிலிருந்து ஏழு வருடம் உயிரோடு இருக்க வேண்டும். இருந்தால் அரசாங்கம் ஒரு பென்னி கேட்காது. ஆனால் அந்த ஏழு வருடமும் கொடுத்ததில் எதையும் இலவசமாகத் தொடக் கூடாது. அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது. இருந்தால் ஊர் நிலவர வாடகை. பண்ணையில் வேலை செய்தால் சம்பளச் சீட்டு. ஃப்ரீசரில் இருக்கும் ஆட்டுக் கறியை எடுத்தால் காசு.

"உங்க அப்பா பண்ணின தப்பை நீங்களும் பண்ணினா, உங்க பொண்ணுதான் மாட்டுவா," என்றார்.

நெவில் என்னைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. நான் அவனை அடிக்க வேண்டியதே இல்லை, அரசாங்கமே என் சார்பில் ஏழு வருடம் தடியோடு நிற்கும் என்று.

"நான் எங்கே போவேன்?" என்றான். சின்னக் குரல்.

"வண்டிக் கொட்டகைக்கு மேல ஒரு ரூம் காலியாகுது. நல்ல காத்து வரும்," என்றேன்.

"அத்தை." ரோவன் அதுவரை வாயைத் திறக்கவில்லை. "ஒண்ணு கேட்கணும். இது எனக்காகவா, இல்ல அப்பாவைப் பழி வாங்கவா?"

"ரெண்டும்தான். பழி முதல்ல, நீ ரெண்டாவது. பொய் சொன்னா நீ கண்டுபிடிச்சிடுவே."

அவள் தன் கையைப் பார்த்தாள். கம்பி கிழித்த தழும்புகள் அதில் நிறைய உண்டு.

"சரி. ரெண்டாவதா இருந்தாலும் நான் வாங்கிக்கறேன்," என்றாள். பிறகு அப்பனிடம் திரும்பினாள். "கேலமுக்குக் கொடுத்தா அடுத்த மாசம் வித்துடுவான்பா. உனக்கே தெரியும்."

நெவில் அன்று கையெழுத்துப் போடவில்லை. மூன்று நாள் நாயைக்கூடக் கூட்டிக்கொள்ளாமல் மலையில் திரிந்தான். ஏலக்காரனும் மரக் கம்பெனியும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மார்ச் மாதத்தில் போய்க் கையெழுத்துப் போட்டான். எனக்கு இரக்கம் வருகிறதா என்று நானே உள்ளே தேடிப் பார்த்தேன். வரவில்லை.

கீழ்ப் புல்வெளி போனதுதான் எனக்கு வலித்தது. ஜூலையில் அந்தப் புல்லை முப்பது வருடம் வெட்டிக் காய வைத்தவள் நான். வாங்கிய பக்கத்துக்காரர் முதல் வேலையாக எங்கள் வேலிக் கதவை மாற்றினார். பழி வாங்குவது இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் என் பங்கைக் கட்டினேன்.

ரோவன் என்னை முன் அறைக்கு வரச் சொன்னாள். தீவன மூட்டைகளை எடுத்துவிட்டு எனக்கென்று புதுக் கட்டில் வாங்கிப் போட்டாள். நெவில் தன் துணிமணியோடு பதினாறு படி ஏறினான். மாத வாடகை நானூற்றைம்பது பவுண்டு, ஏஜென்ட் வந்து பார்த்துச் சொன்ன தொகை. முதல் மாதச் சம்பளச் சீட்டை ரோவன் அவன் கையில் கொடுத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"நல்லாப் பார்த்துக்கோ. நான் இந்த மாதிரி ஒண்ணு பார்த்ததே இல்ல," என்றேன்.

விருந்தாளியாக வந்து சாப்பிடலாம், அதில் தப்பில்லை என்று வக்கீல் சொல்லியிருந்தார். அடிக்கடி வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு. நடுவில் ஒரு ஞாயிறு வறுத்த ஆட்டுக் கறி வாசனைக்கு அவன் பின்வாசலில் வந்து நின்றான்.

"அடுத்த வாரம்தான் உன் முறை," என்றேன்.

"அக்கா, மழை பெய்யுது."

"மழைக்குச் சட்டத்துல விலக்கு இருக்கான்னு ஹாட்ஜ்சன் அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்."

ரோவன் உள்ளிருந்து, "அத்தை, போதும்," என்றாள். அவன் மழையிலேயே திரும்பிப் போனான். கோழிக் கூண்டில் அவன் எடுத்த ஆறு முட்டைக்கு ஒன்றரைப் பவுண்டும் வாங்கிவிட்டேன். சில நாள் ரோவன் என்னோடு பேச மாட்டாள். அதையும் தாங்கிக்கொண்டேன்.

அக்டோபரில் கிடா ஏலம். ரோவன் மூன்று கிடாக்களுக்கு வழக்கப்படி மயிரில் செம்மண் பூசி, கொம்பைத் துடைத்து, ஏல வளையத்துக்குள் தானே கயிறு பிடித்துப் போனாள். நெவில் மரப் படிகளில், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தோடு உட்கார்ந்திருந்தான். நான் அவனை ஒட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வேறு இடம் இருந்தது.

"என்ன நெவில், உள்ளே போகலியா?" என்று கீழேயிருந்து ஒருவர் கேட்டார்.

"கால் வலிங்க," என்றான்.

நடுக்கிடா எங்கள் பண்ணை இதுவரை பார்க்காத விலைக்குப் போனது. ரோவன் வாங்கியவர் கையைப் பிடித்து ஒரு நோட்டை வைத்து அழுத்தினாள். நாலு பேர் கை தட்டினார்கள். நெவிலின் வலது கை கோட்டுப் பைக்குள் போய், அங்கேயே இருந்தது. அவன் கண் கலங்கியது பெருமையாலா வயிற்றெரிச்சலாலா என்று நான் கேட்கவில்லை. இரண்டில் எது என்றாலும் எனக்குச் சம்மதம்தான்.

ஜனவரியில் அவனுக்கு இருமல் வந்தது. அறையில் குளிர்; அடுப்பு எரிக்கக் கஞ்சத்தனம். பத்து நாளாக இருமிக்கொண்டே ஆடுகளுக்கு வைக்கோல் இழுத்தான். பதினோராம் நாள் அவன் வேலைக்கு வரவில்லை. நான் படியேறிப் போய்ப் பார்த்தேன். உடம்பு கொதித்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"ஒண்ணுமில்ல, போ," என்றான்.

"எந்திரி."

"போன்னு சொல்றேன்ல."

தோளில் போட்டு இறக்கினேன். பனிச்சாலையில் நாற்பது மைல் நானே வண்டி ஓட்டினேன். இரண்டு நுரையீரலிலும் சளி கட்டியிருக்கிறது, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார்கள். நாலு நாள் அவன் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வந்தால் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். மருந்து ஐந்து நிமிடம் தாமதமானால் நர்ஸைத் தேடிப் போனேன். அந்த நர்ஸ் சின்னப் பெண், என்னைப் பார்த்து உருகிப்போனாள்.

"தம்பி மேல எவ்வளவு பாசம் உங்களுக்கு," என்றாள்.

"இருக்காதா பின்னே," என்றேன்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. அவன் கண்ணைத் திறந்து, தலையணையில் தலையைத் திருப்பி, என்னை ரொம்ப நேரம் பார்த்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

"அக்கா," என்றான். காரியத்துக்காகக் கூப்பிடும் குரல் இல்லை. "எனக்கு எதுக்கு இவ்வளவு பண்றே?"

நான் சூப் கிண்ணத்தை எடுத்து ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ஆறு வருஷம் ரெண்டு மாசம் பாக்கி இருக்கு. நடுவுல நீ செத்தா ரோவன் தலைல வரி விழும்."

ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே கேட்டான்.

"அதுக்கு அப்புறம்?"

"அதுக்கு அப்புறம் உன் இஷ்டம்."

"அதுவரைக்கும் நீ விட மாட்டே."

"மாட்டேன். ஒரு நாள்கூடக் குறைய விட மாட்டேன்."

ஸ்பூனை அவன் உதட்டருகே கொண்டுபோனேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நான் ஸ்பூனை எடுக்கவில்லை. சூப் ஆறிக்கொண்டிருந்தது.

"வாயைத் திற, நெவில்," என்றேன்.

திறந்தான்.